வராக நதிக்கரையில் ஒரு கேள்வி



சென்ற மாம்பழப் பருவத்தில், என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் நிக்காஹ் அழைப்பை ஏற்றுப் பெரியகுளம் சென்று வந்தேன். பயணத்தில் கண்டதையும் கேட்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. ஆனால், புறப்படுவதற்கு முந்தைய வாரம் எங்கள் மக்தபில் நடந்த ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். ஏனெனில், அந்தப் பயணம் முழுவதும் அதுவே என் கூட வந்தது.

அன்று பிள்ளைகளுக்கு லஞ்சம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருசேரச் சபித்தார்கள் என்ற செய்தியைக் கூறினேன். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, "வாங்குறவங்க தப்பு செய்றாங்க. சரி. கொடுக்குறவங்க பாவம், வேற வழியில்லாமத்தானே கொடுக்குறாங்க. அவங்களுக்குமா ஹஜ்ரத்?" என்று கேட்டான். நான் ஏதோ சொல்லிப் பாடத்தை நகர்த்திவிட்டேன். பதில் தெரியாததால் அல்ல. என் அத்தா மவுத்தான பின்பு, வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் இடைத்தரகர் கையில் நான் கொடுத்த இரண்டாயிரம் ரூபாய் என் கண்முன் வந்து நின்றதால்தான்.

பெரியகுளத்திற்கு வண்டி ஏறிய அன்று காலையிலும் அதே தரகர் தொலைபேசியில் அழைத்தார். அத்தா பெயரிலிருக்கும் வீட்டு மனைப் பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்ற ஐயாயிரம் ஆகும் என்றார். "ஊருக்குப் போய் வந்து சொல்கிறேன்" என்று கூறிப் பேருந்தில் அமர்ந்தேன்.

மலையடிவாரச் சாலை

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளம் செல்லும் சாலை கண்ணுக்குக் குளிர்ச்சியானது. வத்தலக்குண்டைத் தாண்டியதும் வலப்புறம் கொடைக்கானல் மலை சுவர்போல எழுந்து கூடவே வருகிறது. காட்ரோட்டில் மலைப்பாதை பிரிந்து மேலே செல்ல, நம் பேருந்து கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டி என்று அடிவாரத்தை ஒட்டியே ஓடுகிறது. மஞ்சளாற்றுப் பாசனத்தில் விளையும் வயல்கள், தென்னந்தோப்புகள், அவற்றுக்கு அப்பால் மாந்தோப்புகள்.

மோட்டார் சாலை வருமுன் கொடைக்கானலுக்குச் செல்வோர் பெரியகுளம் பக்கமிருந்துதான் மலையேறினார்கள். மாட்டுவண்டியில் அடிவாரத் தோப்புவரை வந்து, பிறகு குதிரையிலும், சுமை தூக்குவோர் தோளில் வைத்த நாற்காலியிலும், கால்நடையாகவும் மேலே சென்றார்கள்.

இத்தனை அழகான சாலையில் செல்லும்போது, கெங்குவார்பட்டி என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் வேறொரு செய்தி நினைவுக்கு வந்தது. வடவீரநாயக்கன்பட்டி, தாமரைக்குளம், கெங்குவார்பட்டி ஆகிய இவ்வட்டத்துக் கிராமங்களில் அரசுக்குச் சொந்தமான நிலம், வருவாய்த்துறைப் பதிவுகளில் தனியார் பெயர்களுக்கு மாற்றப்பட்டிருந்தது 2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிச்சத்திற்கு வந்தது. செய்தித்தாள்கள் அதை 182 ஏக்கர் நில மோசடி என்று எழுதின. கோட்டாட்சியர், வட்டாட்சியர் நிலையில் பணியாற்றியவர்கள் உட்படப் பல அலுவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். விசாரணை சி.பி.சி.ஐ.டி. பிரிவுக்குச் சென்றது. யார் குற்றவாளி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நம் வேலை அல்ல. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய படிப்பினை வேறு.

வாசகர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். அந்த நிலம் இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் நகரவில்லை. யாரும் கத்தியைக் காட்டி அதைப் பறிக்கவில்லை. ஓர் ஏட்டில் ஒரு பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயர் வந்தது. அவ்வளவுதான். வீடற்ற ஏழைக்கு மனையாகவும், நாளைய பள்ளிக்கூடத்திற்கும் மருத்துவமனைக்கும் இடமாகவும் ஆகியிருக்க வேண்டிய பொதுச்சொத்து, எழுத்தின் வழியாகவே கைமாறிப் போகக் கூடும் என்பதை இந்தச் சிற்றூர்கள் நாட்டுக்குக் காட்டின.

கணினி வந்துவிட்டால் ஊழல் ஒழிந்துவிடும் என்று நாமெல்லாம் நம்பினோம். சிட்டாவும் 'அ' பதிவேடும் இன்று கணினியில் இருக்கின்றன. ஆனால், கை எதை எழுதச் சொல்கிறதோ அதையே கணினியும் எழுதுகிறது. அதற்கு மறுமை இல்லை. கேள்வி கணக்கும் இல்லை. அவை இரண்டும் அந்தக் கைக்குரியவனுக்கே உண்டு.

மாம்பழ மண்டியில்

பெரியகுளம் வராக நதியின் இரு கரைகளிலும் அமைந்த ஊர். நதிக்கு அந்தப்பக்கம் வடகரை, இந்தப்பக்கம் தென்கரை. மேற்கே மலையிடுக்கில் சோத்துப்பாறை அணை இருக்கிறது. உயரம் 126 அடி. ஊரின் குடிநீர் அதிலிருந்தே வருகிறது. ஊரின் பெயரிலேயே குளம் இருக்கிறது. மழைநீரைத் தேக்கி, மடை திறந்து, தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் பங்கிட்டு உண்ட ஒரு வாழ்க்கையின் அடையாளம் அது. தலைமடைக்காரன் இரவோடு இரவாக வரப்பை வெட்டிவிட்டால் கடைமடையின் பயிர் கருகும். நீரைப் பங்கிடுவதற்கு வலிமை மட்டும் போதாது, நாணயமும் வேண்டும் என்பதை இப்பள்ளத்தாக்கு நெடுங்காலமாக அறிந்திருக்கிறது.

நிக்காஹ் முடிந்து, விருந்துண்டு, அஸர் தொழுத பின்பு மாப்பிள்ளையின் பெரியத்தா என்னைத் தம் மாம்பழ மண்டிக்கு அழைத்துச் சென்றார். எழுபதைத் தாண்டிய ராவுத்தர். காசா, கல்லாமை, செந்தூரம், பங்கனப்பள்ளி, இமாம்பசந்த் என்று வகைவகையாகக் குவிந்திருந்தன. ஒரு மூலையில் வைக்கோல் பரப்பிக் காய்களை அடுக்கியிருந்தார்கள்.

"கல் வைப்பதில்லையா?" என்று கேட்டேன். கார்பைடு கல்லைத்தான் கேட்டேன். ஈரம் பட்டால் அது வாயுவைக் கக்கும். அந்த வாயுவில் காய் விரைவில் நிறம் மாறும். அதில் கலந்திருக்கும் நச்சுப் பொருள்களின் காரணமாக நாட்டின் உணவுச் சட்டங்கள் அதற்குத் தடை விதித்திருக்கின்றன.

பெரியவர் சிரித்தார். "கல் வச்சா ரெண்டு நாள்ல மஞ்சளாயிரும் ஹஜ்ரத். தோலைப் பார்த்தா பழம். கடிச்சுப் பார்த்தா காய். வாங்குனவன் திரும்ப நம்ம கடைக்கு வரமாட்டான். அது போகட்டும், அல்லாஹ்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்றார். பிறகு, தம் தோப்பிலுள்ள மரங்களைக் காட்டுவதுபோல மேற்கே கை நீட்டி, "ஒட்டுக்கன்றே வச்சாலும் ஒழுங்கா காய்க்க அஞ்சாறு வருசம் ஆகும். அந்த அஞ்சாறு வருசத்தைப் பொறுத்தவன், ஒரு வாரம் பொறுக்கமாட்டானா?" என்று கேட்டார்.

பொருளாதாரம் படித்தவர்கள் பெரிய நூல்களில் எழுதுவதை அந்தப் பெரியவர் ஒரு மாங்காயைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. உயர்ந்த கட்டடங்களும் அகன்ற சாலைகளும் ஒரு நாட்டின் தோல் மஞ்சளானதைக் காட்டலாம். உள்ளே பழுத்திருக்கிறதா என்பதைக் கடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஓர் ஏழை விதவை தனக்குரிய உதவித்தொகையைக் கைக்கூலி கொடுக்காமல் பெற முடிகிறதா? ஓர் உழவன் தன் நிலத்துப் பட்டாவை யார் தயவுமின்றி வாங்க முடிகிறதா? நீடித்து நிற்கும் முன்னேற்றத்திற்கு இவைதாம் உரைகல்.

எழுதுபவனின் அமானிதம்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தொழுகை பற்றியதன்று, நோன்பு பற்றியதன்று. அது கடனையும் எழுத்தையும் பற்றியது (2:282). கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும். சாட்சிகள் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதுபவருக்கோ சாட்சிக்கோ துன்பம் இழைக்கக் கூடாது என்று அல்லாஹ் அதில் விரிவாகக் கட்டளையிடுகிறான். ஓர் ஏட்டின் நேர்மையை இறைவன் எவ்வளவு பெரிதாகக் கருதுகிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிறர் பொருளை முறைகேடாக உண்ண வேண்டாம். அதன் ஒரு பகுதியைத் தெரிந்தே அபகரிப்பதற்காக அதிகாரிகளிடம் கொண்டு செல்லவும் வேண்டாம் என்று மற்றொரு வசனம் எச்சரிக்கிறது (2:188). பிறருடைய நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்துக்கொண்டவனின் கழுத்தில், மறுமையில் ஏழு பூமிகள் வளையமாக மாட்டப்படும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஒரு சாணுக்கே இந்நிலை என்றால் ஏக்கர்களுக்கு என்ன கணக்கு?

அஸ்து குலத்தைச் சேர்ந்த ஒருவரை நபியவர்கள் ஸகாத் வசூலிக்க அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, பொருளை இரு பங்காக வைத்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி நின்று, அவர் தம் தாய் தந்தையர் வீட்டில் அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். இன்று தீபாவளி, பொங்கல், பெருநாள் என்ற பெயரில் அலுவலக மேசைகளுக்குச் செல்லும் 'அன்பளிப்பு' ஒவ்வொன்றையும் இந்த ஒரே கேள்வியால் அளந்துவிடலாம்.

உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களுடைய சொத்துக் கணக்கை எழுதி வாங்கினார்கள். பதவிக்காலத்தில் பெருகியதை விசாரித்தார்கள். நம்பிக்கைக்குரிய ஸஹாபாக்களிடமே கணக்குக் கேட்ட அந்த ஆட்சிமுறையில் நமக்குப் பெரும் படிப்பினை இருக்கிறது. இறையச்சம் உள்ளவனுக்கும் தணிக்கை வேண்டும். தணிக்கை உள்ள இடத்திலும் இறையச்சம் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

சட்டம் இருக்கிறது, ஆனால்...

நம் நாட்டில் சட்டங்களுக்குக் குறைவில்லை. லால் பகதூர் சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது, 1962-இல் தமிழரான கே. சந்தானம் தலைமையில் ஊழல் தடுப்புக் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையால் 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. அதே ஆண்டில் தமிழகத்திலும் ஊழல் தடுப்புக்கென்று தனித்துறை வந்தது. பரம்பரையாகக் கணக்கப்பிள்ளை வேலை பார்த்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. அவ்விடத்தில் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். 1988-இல் ஊழல் தடுப்புச் சட்டம், 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று வரிசை நீண்டது.

2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் ஒரு முக்கியத் திருத்தம் வந்தது. அதன்படி லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம். ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வற்புறுத்தலுக்கு ஆளாகிக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அவருக்கு அப்பிரிவு பொருந்தாது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் பெருமானார் (ஸல்) அவர்கள் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதை இச்சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியானால் ஏன் இன்னும் ஒழியவில்லை? கடுமையான சட்டத்தையும் அதைத் தயங்காமல் நிறைவேற்றும் அமைப்பையும் வைத்துக்கொண்டு சிறிய நாடான சிங்கப்பூர் எழுந்து நின்றதை, அங்கே உழைக்கும் நம் உறவினர்கள் வாயிலாக அறிந்திருக்கிறோம். அங்கு லஞ்சப் புலனாய்வுக்கென்று 1952-லேயே தனிப் பிரிவு ஏற்பட்டது. அதே தமிழன் அங்கே வரிசையில் நின்று தன் காரியத்தை முடிக்கிறான். இங்கே விமானம் விட்டு இறங்கியதும் 'யாரைப் பார்த்தால் சீக்கிரம் முடியும்?' என்று கேட்கிறான். குறை மண்ணிலா, மனத்திலா? அமைப்பு பழுதானதால் நாம் கொடுக்கிறோம்; நாம் கொடுப்பதால் அமைப்பு மேலும் பழுதாகிறது. இந்தச் சுழற்சியை யாராவது ஓரிடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

மக்கள் யாரை நினைக்கிறார்கள்?

பெரியகுளத்திலிருந்து தெற்கே தேனியைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கில் நுழைந்தால், வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஓர் ஆங்கிலேயரின் படம் தொங்குவதைக் காணலாம். முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் அவர். 1887-இல் தொடங்கி 1895-இல் திறக்கப்பட்ட அணை அது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தால் கட்டப்பட்டது. 142 அடிவரை நீரைத் தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. ஜனவரி 15-ஆம் நாள், அவர் பிறந்தநாளில் இங்குள்ள உழவர்கள் பொங்கலிடுகிறார்கள். அணைக்காக அவர் தம் சொத்தையே விற்றார் என்று பள்ளத்தாக்கு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சொந்தப் பையை நிரப்பிக்கொள்ளாதவன் என்பதையே ஒரு மனிதனின் பெருஞ்சிறப்பாக மக்கள் போற்றுகிறார்கள் என்பதை இதிலிருந்து அறிகிறோம். சாந்து குழைத்தவன் சட்டிக்கு ஒரு கரண்டி சுண்ணாம்பைத் திருடியிருந்தால் அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. நூறாண்டு கழித்து வெள்ளம் வரும்போது தெரிந்திருக்கும்.

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். ஆண்டிபட்டிக்கு அருகேயுள்ள வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டபோது காமராசர் அமைச்சரவையில் இருந்தவர் கக்கன். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அமைச்சர், உள்துறையையும் கவனித்தவர். 1967-இல் தோற்ற பிறகு வாடகை வீட்டில் வாழ்ந்தார், பேருந்தில் பயணம் செய்தார், நோயுற்றபோது மதுரை அரசு மருத்துவமனையில் எளிய நோயாளியாகச் சேர்ந்தார். 1981-இல் மறைந்தார். அன்று கோடிகளைக் குவித்தவர்கள் எத்தனை பேரின் பெயர் இன்று நம் நாவில் இருக்கிறது?

நம் வீட்டுக் கணக்கு

அரசு அலுவலர்களைக் குறை சொல்லி முடித்துவிட்டால் இக்கட்டுரை அரைகுறையாகிவிடும். ஷுஐப் நபி (அலை) அவர்களின் மத்யன் மக்களை நினைத்துப் பாருங்கள். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்யாதீர்கள் என்று அவர் சொன்னபோது, எங்கள் பொருளை நாங்கள் விரும்பியபடி கையாளக் கூடாது என்று உம்முடைய தொழுகையா உமக்குக் கட்டளையிடுகிறது என்று அவர்கள் ஏளனமாகக் கேட்டார்கள் (11:87). தொழுகை வேறு, கடைத்தெரு வேறு என்பது அவர்களின் கொள்கை. அந்தக் கொள்கையே அவர்களை அழித்தது. அது நம்மிடம் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா?

நம் ஊர்கள் பலவற்றில் வக்ஃபு கடைகள் இருக்கின்றன. முன்னோர்கள் பள்ளிவாசலுக்கும் ஏழைகளுக்கும் அல்லாஹ்வின் பெயரால் எழுதி வைத்தவை. அவற்றில் பாட்டனார் காலத்து வாடகையையே இன்றும் கொடுத்துக்கொண்டு, அதே கடையை வெளியாருக்குப் பன்மடங்கு வாடகைக்கு விடுவோர் நம்மில் உண்டு. அவர்கள் முதல் ஸஃப்பில் தொழவும் செய்கிறார்கள். கேட்க வேண்டிய நிர்வாகிகள் உறவுக்காக வாய் மூடுகிறார்கள். ஜும்ஆவில் கணக்கு வாசிக்காத ஜமாஅத்துகள் எத்தனை? அரசு நிலத்தின் ஏட்டைத் திருத்தியவனுக்கும் வக்ஃபு சொத்தின் வருவாயை விழுங்கியவனுக்கும் மறுமையில் தனித்தனித் தராசுகளா வைக்கப்படப் போகின்றன?

தாய்மார்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. கணவர் கொண்டுவரும் பணம் மிகுந்தால் மகிழும் நாம், அது எப்படி வந்தது என்று ஒரு முறையேனும் கேட்கிறோமா? பரீட்சையில் பிள்ளை பார்த்து எழுதியதைக் கெட்டிக்காரத்தனம் என்று சிரிக்கும் வீட்டிலிருந்துதான், நாளை ஏட்டைத் திருத்தும் எழுத்தன் வெளியே வருகிறான். மக்தபில் நான் ஒரு மணி நேரம் சொல்லித் தருவதை வீட்டில் இருபத்து மூன்று மணி நேரம் அழித்துவிட முடியும்.

திரும்பிய பின்

மறுநாள் பெரியகுளத்திலிருந்து திரும்பும்போது பெரியவர் ஒரு பெட்டிப் பழம் கொடுத்தனுப்பினார். இன்னும் நான்கு நாள் பொறுத்துத் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் தரகரை அழைத்து, அவருடைய உதவி வேண்டாம் என்று கூறிவிட்டேன். முறையான கட்டணத்தைச் செலுத்திப் பட்டா மாற்றத்திற்கு விண்ணப்பித்தேன்.

அடுத்த பாடத்தில் அந்தச் சிறுவனை எழுப்பி, அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். தனக்குரிய உரிமை அநியாயமாக மறுக்கப்பட்டு, வேறு எந்த வழியும் இல்லாமல் தவிப்பவரைப் பற்றி உலமாக்கள் தனியே பேசியிருக்கிறார்கள். ஆனால் நாலு முறை நடக்கச் சோம்பிக் கொடுப்பவர் அந்தச் சலுகைக்குள் வரமாட்டார் என்றேன். பிறகு, நானும் ஒரு முறை சோம்பிக் கொடுத்தவன்தான், தவ்பா செய்துகொண்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். பிள்ளைகள் முன் அதைச் சொல்வது எளிதாக இல்லை. வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. "அப்ப இனிமே கொடுக்கமாட்டீங்களா ஹஜ்ரத்?" என்று அவன் கேட்டான். "இன்ஷா அல்லாஹ், மாட்டேன்" என்றேன்.

இதை எழுதும் நாள்வரை மூன்று முறை அலுவலகம் சென்று வந்துவிட்டேன். பட்டா இன்னும் வரவில்லை. விண்ணப்ப எண் எழுதிய சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடவும் எழுதி வைத்திருக்கிறேன். நாட்டைத் திருத்தும் பெருஞ்செயல் அல்ல இது. ஒரு மனை, ஒரு பெயர், ஓர் ஏடு. ஆனால் நாடு என்பது இப்படிப்பட்ட ஏடுகளின் தொகுப்பே என்பதைப் பெரியகுளத்துச் சாலை எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

பழப்பெட்டியை ஐந்தாம் நாள் திறந்தோம். வீடு முழுவதும் மணத்தது.

வல்ல ரஹ்மான் நம் கைகளையும் நம் ஏடுகளையும் ஹராமிலிருந்து பாதுகாப்பானாக! அமானிதம் பேணும் மக்களாக நம்மையும் நம் சந்ததியையும் ஆக்கி, நம் நாட்டை நலமுடன் வாழச் செய்வானாக! ஆமீன்.